புன்னைக்காயல் சேற்றில் ஒரு செருப்பு

தாமிரபரணியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் திருநெல்வேலிக்காரன் வாயை மூட முடியாது. அல்வாவின் ருசியே அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது, குறுக்குத்துறையில் முங்கி எழுந்தால் சளி பிடிக்காது, வற்றாத ஜீவநதி, இப்படியே போகும். நானும் அந்தக் கூட்டம்தான். ஆனால் நாற்பத்திரண்டு வயது வரைக்கும் அந்த ஆறு கடலில் போய்ச் சேருகிற இடத்தை நான் பார்த்ததில்லை. அப்பாவுக்கு எழுபத்து மூன்று, அவரும் பார்த்ததில்லை. ஐம்பது வருஷமாகக் காலையில் குறுக்குத்துறையில் குளித்துவிட்டு ஈர வேட்டியும் திருநீறுமாக வீட்டுக்கு வருகிற மனுஷர், அந்தத் தண்ணீர் அப்புறம் எங்கே போகிறது என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. திருச்செந்தூருக்கு எத்தனை தடவை போயிருப்போம்! முருகனைப் பார்ப்போம், நாழிக்கிணற்றில் குளிப்போம், கருப்பட்டி வாங்குவோம், திரும்பிவிடுவோம்.

இதற்குப் பிள்ளையார் சுழி போட்டவள் என் மகள். பள்ளிக்கூடத்தில், கடலும் ஆறும் கலக்கிற சேற்றில் வளர்கிற அலையாத்திக் காடுகளைப் பற்றி சார்ட் போட்டுக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். பாடத்தில் பிச்சாவரம், முத்துப்பேட்டை என்று இருந்தது. "நம்ம ஊர்ல கெடையாதாப்பா?" என்றாள். கிடையாது என்று அடித்துச் சொன்னேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்திருந்த மச்சினன் சிரித்தான். அவன் தூத்துக்குடியில் வேலை பார்க்கிறவன். "அத்தான், புன்னக்காயல்ல ஆத்தோட வாயில அவ்வளவும் அதுதான். நீங்க குளிக்கீங்கள்லா, அதே ஆறு" என்றான். மகள் முன்னால் இதைவிடப் பெரிய அவமானம் எனக்கு வேண்டுமா? தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று முடிவானது. மச்சினனுக்குத் தெரிந்த ஒரு மீன்பிடிக்கிற அண்ணாச்சி தன் பைபர் படகில் கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டார், டீசல் காசு மட்டும் கொடுத்தால் போதும் என்று.

"தாத்தா, நாம படகு சஃபாரி போறோம்" என்று மகள் சொன்னதும் அப்பா, "சபாரின்னா சட்டைல்லா?" என்றார். எழுபதுகளின் கடைசியில் அவர் கல்யாணத்துக்குத் தைத்த சபாரி இன்னும் பீரோவில் இருக்கிறது.

அண்ணாச்சி போனில் ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தார்: காலை ஏழரைக்குள் வந்துவிட வேண்டும், தண்ணீர் ஏத்தமாக இருக்கும்போதே உள்ளே போய்விட்டு, வத்தம் முடிவதற்குள் வெளியே வந்துவிட வேண்டும். கடல்நீர் ஏறி வருவது ஏத்தம், இறங்கிப் போவது வத்தம். மன்னார் வளைகுடாவில் ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டருக்குள்தான் இருக்கும், ஆனால் ஓடைக்குள் அந்த ஒரு முழம்தான் எல்லாமே. எனக்கு அப்போது அது உறைக்கவில்லை. பாளையங்கோட்டையிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் சொச்சம், எட்டினாற்போலத்தானே என்று ஐந்தேமுக்காலுக்குக் கிளம்பினோம்.

கூட அப்பா வந்தால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. ஸ்ரீவைகுண்டத்தில் காபி குடிக்க வேண்டும் என்றார், குடித்தோம். குடித்த கையோடு அணையைப் பார்க்க வேண்டும் என்றார். தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள், முதல் ஏழும் பழைய காலத்தவை, எட்டாவதும் கடைசியுமான இது 1873-இல் வெள்ளைக்காரன் காலத்தில் கட்டி முடித்தது. இங்கேயிருந்து வடகால், தென்கால் என்று இரண்டு பக்கமும் தண்ணீர் பிரிந்து குளங்களுக்கும் வயல்களுக்கும் போய்விடுகிறது. பிசான நெல் கதிர் வாங்கி நின்றது, பார்க்க ஜோராகத்தான் இருந்தது. மிச்சம் இருந்தால்தான் அணையைத் தாண்டிக் கீழே. அதை அங்கே நின்றபோது நான் யோசிக்கவில்லை.

ஏரல், உமரிக்காடு, முக்காணி என்று வடகரையிலேயே போய், பாலத்தைத் தாண்டி ஆத்தூர். உமரிக்காடு என்ற பெயர்ப்பலகையை எத்தனையோ பேர் பார்த்திருப்பார்கள். உமரி என்பது உப்புத்தரையில் சதைப்பிடிப்பான தண்டோடு தரையை ஒட்டி வளர்கிற பூண்டு. அது காடாகக் கிடந்த இடம் என்றால் அங்கே கடல்நீர் வந்து போயிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்திலேயே கொற்கை, பாண்டியரின் முத்துத் துறைமுகம். இப்போது அங்கே நின்று பார்த்தால் வாழைதான் தெரியும், கடல் ஆறு ஏழு கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. ஆறு வண்டலைக் கொண்டுவந்து கொட்டக் கொட்டக் கடல் பின்வாங்க, துறைமுகமும் அதன் பின்னாலேயே கொற்கையிலிருந்து காயலுக்கும், அங்கிருந்து புன்னைக்காயலுக்கும் நகர்ந்தது. 13-ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ காயலுக்கு வந்திருக்கிறான். புன்னைக்காயலில் போர்ச்சுக்கீசியர் இருந்தார்கள், 1586-இல் அண்டிரிக்கு அடிகளார் என்ற போர்ச்சுக்கீசியப் பாதிரியார் தமிழ் எழுத்தில் புத்தகம் அச்சடித்தது அங்கேதான் என்கிறார்கள். அச்சுக்கூடம் இருந்த ஊருக்கு நான் போவது படகில் ஏற.

ஆத்தூரில் வெற்றிலை. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய வெற்றிலை, அதைத் தாண்டி அப்பாவைக் கூட்டிப்போக எனக்குத் தெம்பில்லை. அப்புறம் சேர்ந்தபூமங்கலம். அகத்தியரின் சீடர் உரோமச முனிவர் தாமிரபரணியில் ஒன்பது பூக்களை மிதக்கவிட்டாராம். ஒவ்வொரு பூவும் ஒதுங்கிய இடத்தில் ஒரு கைலாயம், பாபநாசத்தில் ஆரம்பித்துக் கடைசிப் பூ வந்து சேர்ந்தது இந்தச் சேர்ந்தபூமங்கலத்தில். நவகைலாயத்தில் எட்டைப் பார்த்தாயிற்று, ஒன்பதாவதை வாசலோடு விட்டுவிட்டுப் போகச் சொல்கிறாயா என்று அப்பா கேட்டார். நியாயம்தானே. போனோம்.

புன்னைக்காயல் படகுத்துறைக்கு வந்தபோது மணி எட்டே முக்கால்.

அண்ணாச்சி கோபப்படவில்லை. தண்ணீரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், அப்பாவின் கையில் இருந்த வெற்றிலைக் கவுளியைப் பார்த்தார். "வத்தம் பாதிக்கு மேல போயிட்டு. சரி, ஏறுங்க" என்றார். மிதவைச் சட்டை நான்கு கொடுத்தார். அப்பா, அம்பது வருஷம் ஆற்றில் நீந்தினவனுக்கு எதற்கு என்று ஆரம்பித்தவர், பேத்தி முறைத்ததும் போட்டுக்கொண்டார்.

முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். பிச்சாவரம் மாதிரி நினைத்துக்கொண்டு யாரும் கிளம்பிவிட வேண்டாம். கல்லூரிக் காலத்தில் அங்கே போயிருக்கிறேன், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் விரிந்து கிடக்கிற பெரிய காடு அது, டிக்கெட் கவுண்டர் உண்டு, துடுப்புப் படகு உண்டு, மரங்கள் இரண்டு பக்கமும் கவிந்து குகை மாதிரி நிற்கும். புன்னைக்காயலில் அப்படி எதுவும் கிடையாது. மீன்பிடிக்கிற ஊர், அவரவர் வேலையை அவரவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தெரிந்தவர் மூலமாக, வனத்துறையிடம் கேட்க வேண்டியதைக் கேட்டுக்கொண்டு போவதுதான் மரியாதை.

முதலில் ஆற்றின் அகலமான வாய்ப்பகுதியில் மோட்டார் போட்டு ஒரு சுற்று. தூரத்தில் முகத்துவாரத்தில் அலை வெள்ளையாக மடிந்தது தெரிந்தது. கொண்டல் காற்று முகத்தில் அடித்தது. கொக்கு, நீர்க்காகம், ஆலா, தலைக்கு மேலே ஒரு செம்பருந்து, அதைப் பார்த்ததும் அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். கரையில் பச்சையாக ஒரு கோடு, அதுதான் காடு. உண்மையைச் சொன்னால் ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஆள் உயரம், மிஞ்சிப்போனால் இரண்டு ஆள் உயரப் புதர் மாதிரி மரங்கள். படகு ஓடுகிற வேகத்தில் இலையும் தெரியவில்லை, வேரும் தெரியவில்லை. இதற்கா இத்தனை தூரம் என்று மனசுக்குள் ஓடியது. மகள் மட்டும் போனில் படம் எடுத்துக்கொண்டே வந்தாள்.

அப்புறம் ஒரு கிளை ஓடைக்குள் திருப்பினார். மோட்டாரைத் தூக்கிவிட்டுக் கம்பை ஊன்றித் தள்ள ஆரம்பித்தார். நூறு அடி போயிருக்க மாட்டோம். அடியில் சரசரவென்று ஒரு சத்தம், படகு நின்றுவிட்டது. பின்னால் தள்ளிப் பார்த்தார், அசையவில்லை. மச்சினன் குதித்தான். நானும் வீரமாகக் குதித்தேன். முழங்கால் வரைக்கும் உள்ளே போனது கால். இழுத்தால் கால் வந்தது, செருப்பு வரவில்லை. கையை விட்டுத் துழாவினேன், களியைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை. கறுப்புச் சேறு, அழுகின முட்டை வாசம். அந்தச் சேற்றில் காற்றே கிடையாது, காற்றில்லாமல் வாழ்கிற நுண்ணுயிர்கள் கிளப்புகிற வாயுதான் அந்த நாற்றம் என்று சார்ட் போட்டிருந்த என் மகள் படகில் உட்கார்ந்தபடி விளக்கினாள். மூக்கைப் பொத்திக்கொண்டு.

"விடுங்க தம்பி, தள்ளி ஆவாது. ஒரு ஒன்றரை மணி நேரம் இருங்க. ஏத்தம் வரும், அதுவே தூக்கி விட்டுரும்" என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி பீடியைப் பற்றவைத்தார்.

அந்த ஒன்றரை மணி நேரம்தான் நாங்கள் பார்த்த காடு.

சத்தம் அடங்கிப் பத்து நிமிஷத்தில் சேறு அசைய ஆரம்பித்தது. முதலில் நண்டு. சுண்டுவிரல் நகம் அளவுதான், ஆனால் ஒரு கை மட்டும் உடம்பைவிடப் பெரிதாக. அதைத் தூக்கித் தூக்கி ஆட்டியது, எதிர்த்த பொந்துக்காரனும் ஆட்டினான், ஒருத்தர் கையையும் ஒருத்தர் தொடவில்லை. எங்கள் தெரு வாய்ச்சண்டை மாதிரியேதான். அப்புறம் சேற்று நிறத்திலேயே ஒன்று தத்தித் தத்தி வந்தது. தலைக்கு மேலே துருத்திக்கொண்டு இரண்டு கண். "ஓணானா அது?" என்றார் அப்பா. மீன். செவுளுக்குள் கொஞ்சம் தண்ணீரை அடக்கி வைத்துக்கொண்டு, ஈரத்தோல் வழியாகவும் மூச்சு வாங்கிக்கொண்டு, நெஞ்சுத் துடுப்பை ஊன்றித் தரையில் நடக்கிற மீன். ஒரு வேரின் மேல் ஏறி உட்கார்ந்து எங்களையே பார்த்தது. அதற்கு நாங்கள்தான் சஃபாரி.

வேர் என்றேனே, அதைச் சொல்ல வேண்டும். மரத்தடியைச் சுற்றிச் சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக ஆயிரக்கணக்கில் குத்திட்டு நிற்கின்றன. கீழே காற்று கிடையாதல்லவா, அதனால் வேர் மேல்நோக்கி வளர்ந்து வெளியே வந்து மூச்சு விடுகிறது. ஏத்தத்தில் முங்கிவிடும், வத்தத்தில் வெளியே வரும். நான் தொட்டுப் பார்த்தேன். தக்கை மாதிரி மெத்தென்று இருந்தது, மேலெல்லாம் பொடிப்பொடியாகப் புள்ளிகள், அவைதான் மூக்கு. மகள் கைக்கு எட்டிய இடத்தில் ஒரு சாண் சதுரத்துக்குள் எண்ணினாள். பதினேழு.

"அலையாத்தின்னு இப்ப வந்த பேரு. நாங்க கண்டல்னுதான் சொல்லுவோம்" என்றார் அண்ணாச்சி. ஒரு இலையைப் பறித்துத் திருப்பிக் காட்டினார். மேலே பளபளப்பான பச்சை, அடியில் சாம்பல் பூத்த வெள்ளை. வெயிலில் பிடித்தால் இலை மேல் பொடிப்பொடியாக ஏதோ மினுங்கியது. "நக்கிப் பாருங்க" என்றார். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அப்பா வாங்கி நாக்கில் வைத்துவிட்டார். உப்பு! கடல்நீரை உறிஞ்சிக் குடித்துவிட்டு, வேண்டாத உப்பை இலை வழியாகத் துப்பிவிடுகிறது மரம். "வெத்தலையில சுண்ணாம்பு தடவுன மாதிரி உப்பு தடவி வச்சிருக்கானே" என்றவர், வாய் கொப்புளித்துவிட்டு ஆத்தூர் வெற்றிலையில் இரண்டை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

சேற்றில் அங்கங்கே பெரிய மொச்சைக்கொட்டை மாதிரி விதைகள் கிடந்தன. ஒன்றை எடுத்துத் தோலை நீக்கினால் உள்ளே இரண்டு பச்சை இலைகள் மடித்து வைத்தாற்போல இருந்தன. தாய் மரத்தில் இருக்கும்போதே முளைவிட்டுத்தான் கீழே விழுகிறது. விழுந்து சாவகாசமாக முளைக்கலாம் என்றால் அடுத்த ஏத்தம் இழுத்துக்கொண்டு போய்விடுமே. சுரபுன்னை என்கிற இன்னொரு அலையாத்தி மரம் இன்னும் ஒரு படி மேலே, மரத்திலேயே முருங்கைக்காய் மாதிரி நீளமாகத் தொங்கும், விழுந்தால் நேராகச் சேற்றில் குத்தி நிற்கும். அதைப் பார்க்க வேண்டும் என்று மகளுக்கு ஆசை. ஆனால் கண்ணுக்கு எட்டிய வரைக்கும் இந்த வெண்கண்டல் ஒன்றே ஒன்றுதான். பிச்சாவரத்தில் சுரபுன்னை, தில்லை என்று பல ஜாதி பார்த்த ஞாபகத்தில், ஏன் இங்கே இப்படி என்று கேட்டேன்.

அண்ணாச்சி பீடியை அணைத்துவிட்டு, "நல்ல தண்ணி வரணும்லா" என்றார்.

அப்பாவுக்குப் புரியவில்லை. "நல்ல தண்ணியா? இது எங்க ஆறுதானே?" என்றார். "உங்க ஆறு ஸ்ரீவைகுண்டத்தோட முடிஞ்சிட்டு ஐயா. இங்கன மழைக்காலத்துக்கு வரும், வெள்ளம் வந்தா வரும். மத்தபடி நீங்க பாக்கது அவ்வளவும் கடத்தண்ணி." அப்பா கையை விட்டு ஒரு உள்ளங்கைத் தண்ணீரை அள்ளி வாயில் வைத்தார், துப்பினார். ரொம்ப நேரம் பேசவில்லை. கடும் உப்பைத் தாக்குப்பிடிப்பதில் வெண்கண்டலுக்கு நிகர் இல்லை, மற்ற ஜாதிகளுக்குக் கொஞ்சமாவது நல்ல தண்ணீர் கலக்க வேண்டும். ஆக இங்கே ஒரே மரமாக நிற்பதற்கும், காலையில் நாங்கள் ஜோராக இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்த பிசானத்துக்கும் சம்பந்தம் இருக்கிறது. வயலுக்கு விடாதே என்றா சொல்ல முடியும்? அரிசியைத் தின்றுவிட்டுத்தானே வந்திருக்கிறோம்.

வெள்ளம் என்றதும் மச்சினன் மேலே கையைக் காட்டினான். எங்கள் தலைக்கு மேலே கிளைகளில் கந்தல் தொங்கிக்கொண்டிருந்தது. சேலைக் கிழிசல், சிமெண்டுச் சாக்கு, உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியின் ஒரு கால். 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் பயணிகளோடு நின்றுபோனது, ஏரல் முங்கியது. ஆற்றில் வந்த தண்ணீர் முழுவதும் கடைசியில் வந்து சேர்ந்தது இந்த வாயில்தான். "கடல் எது ஆறு எதுன்னு தெரியல. வாழை குலையோட போகுது, பசுமாடு போகுது, பீரோ போகுது. ஊருக்கு ரோடே இல்ல. நம்ம ஆளுவ இதே மாதிரி வள்ளத்தைக் கொண்டுபோய் ஆளுகளைத் தூக்குனாங்க" என்றார் அண்ணாச்சி. சொன்ன விதத்தில் பெருமையும் இல்லை, புலம்பலும் இல்லை.

கந்தலுக்கு நடுவில் எங்கள் டவுன் ஜவுளிக்கடை ஒன்றின் மஞ்சள் பை. எந்தக் கடை என்று சொல்ல மாட்டேன், நாங்களும் அங்கேதான் தீபாவளிக்குத் துணி எடுக்கிறோம். பக்கத்துக் கிளையில் கரை போட்ட பழைய வேட்டி ஒன்று, பாதி மக்கி, கிளையோடு கிளையாக முறுக்கிக்கொண்டு கிடந்தது. அப்பா அதைப் பார்த்துவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஆச்சி காரியம் முடிந்து பாபநாசத்தில் நாங்கள் ஆற்றில் துணி விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் படியேறி வந்தது எனக்கு ஞாபகம் வந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஏத்தம் வந்ததே தெரியவில்லை. ஒரு சத்தம் கிடையாது. மீன் உட்கார்ந்திருந்த வேர் மெல்ல மெல்லக் குட்டையானது, நண்டுகள் பொந்தைச் சேற்றால் மூடிக்கொண்டு உள்ளே போயின. நீவாடு, அதாவது நீரோட்டம், மாறி, சருகு ஒன்று கடல் பக்கமிருந்து எங்களைத் தாண்டி உள்ளே போனது. அந்தத் தண்ணீரோடு விரல் நீளத்துக்கு மீன் குஞ்சுகள் கூட்டம் கூட்டமாக வேர்களுக்கு இடையில் நுழைந்தன. மடவைக் குஞ்சு என்றார் அண்ணாச்சி. இறாலும் கொடுவாயும் சின்னதில் இங்கேதான் வளரும், பெரிய மீன் இந்த வேருக்குள் வந்து துரத்த முடியாது என்றார். ஒரு கட்டத்தில் படகு லேசாக ஆடியது. கம்பை ஊன்றினார், வழுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டது.

கரையில் இறங்கியதும் நான் ஒற்றைச் செருப்போடு நொண்டிக்கொண்டு வந்ததைப் பார்த்து வலை பின்னிக்கொண்டிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். டீசலுக்கு என்று பேசிய காசோடு கொஞ்சம் கூடக் கொடுத்தேன், கூடுதலை மட்டும் எண்ணித் திருப்பித் தந்துவிட்டார். சுரபுன்னை பார்க்க வேண்டும் என்று மகள் மறுபடியும் ஆரம்பித்தாள். கொஞ்சம் நட்டு வைத்த இடம் உள்ளே இருக்கிறது, பௌர்ணமி ஏத்தம் பெரிதாக இருக்கும், அன்றைக்கு வந்தால் அதுவரைக்கும் படகு போகும் என்றார் அண்ணாச்சி, எங்கள் அப்பாவைப் பார்த்துக்கொண்டே, "நேரத்துக்கு வந்தா".

வீட்டுக்கு வந்து கை கால் கழுவினதும் அப்பா தினசரிக் காலண்டரைத்தான் எடுத்தார். பௌர்ணமி புதன்கிழமை விழுகிறது. எனக்கு ஆபீஸ், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம். நாங்கள் வராவிட்டால் என்ன, புது பஸ் ஸ்டாண்டிலிருந்து திருச்செந்தூர் பஸ் ஏறி ஆத்தூருக்கு மாறிப் போய்க்கொள்கிறேன் என்கிறார். செருப்புப் போட்டுக்கொண்டு போக மாட்டாராம்.